மகளின் ஸ்கேனில் நீர்க்கட்டி: கரைக்க மருந்து உண்டா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பூப்பெய்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாதவிலக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடியும் வளர்கிறது. ஸ்கேனில் தெரிந்த நீர்க்கட்டிகளைக் கரைக்க மருந்து உண்டா?

பதில் 1: அவை உண்மையில் கட்டிகளே அல்ல, முதிராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள் என்பதால், கரைக்க வேண்டியது எதுவுமில்லை. பூப்பெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனைக் கொண்டு பிசிஓஎஸ் (நீர்க்கட்டி நோய் எனப்படும் ஹார்மோன் கோளாறு) என்று முடிவு செய்ய வேண்டாம் என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். இந்த வயதில் அப்படி முடிவு செய்ய மாதவிலக்கு ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் மிகுதியும் சேர்ந்திருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) அளவுகளையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2: பட்டினி வேண்டாம், பாவம் வளரும் பிள்ளை. இரவில் நான்கு தோசைக்குப் பதிலாக இரண்டும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுங்கள். ஆண் ஹார்மோனைத் தூண்டும் இன்சுலின் ஏற்றம் குறையும்.

பதில் 3: மாதவிலக்கு 90 நாட்களுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்கக்கூடும் என்பதால், தாமதிக்காமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.