மெட்ரோ திட்ட மதிப்பீடு: பைக்கில் வருகிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வணக்கம் நண்பர்களே. நகரத் திட்டமிடல் படிக்கிறேன். ஒரு கற்பனை மெட்ரோ வழித்தடத்துக்கு எக்செல்லில் மதிப்பீடு போட்டுப் பார்க்கிறேன், பாதியில் மாட்டிக்கொண்டேன்.

மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கையில் பழைய 8% நிதி வருவாய் விகிதத்தை (போட்ட பணத்துக்குத் திட்டமே ஈட்டும் வருமானம்) விட்டுவிட்டு, 14% பொருளாதார வருவாய் விகிதம் (போட்ட பணத்துக்குச் சமூகம் முழுவதும் பெறும் பலன்) கேட்கிறார்கள். அதனால் டிக்கெட் வசூலை விட, மக்களுக்கு மிச்சமாகும் நேரம்தான் கணக்கைத் தாங்குகிறது.

பஸ்ஸில் 50 நிமிடம், மெட்ரோவில் 30 என்று வையுங்கள். தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு 20 நிமிடமும் லாபம். மெட்ரோ வந்ததால் புதிதாகக் கிளம்புகிறவருக்குச் சராசரியாக அதில் பாதி. சரி, இதுவரை புரிகிறது. ஆனால் பைக்கில் 25 நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தவர் மெட்ரோவுக்கு மாறினால்? நேரத்தை மட்டும் பார்த்தால் அவருக்கு 5 நிமிடம் நஷ்டம். வெயில், பெட்ரோல், பார்க்கிங் தொல்லை இதெல்லாம் யோசித்துத்தானே மாறுகிறார்? என் ஷீட்டில் அவர் மைனஸில் நிற்கிறார். அவருக்கும் அந்தப் பாதி விதிதானா, வேறு வழி உண்டா?

அப்புறம், ஸ்டேஷன் பக்கம் நில விலை ஏறுவதையும் பலனில் சேர்க்கச் சொல்கிறான் வகுப்புத் தோழன். மிச்சமான நேரம்தானே நில விலையாக மாறுகிறது, இரண்டையும் சேர்த்தால் ஒரே பலனை இரண்டு தடவை எண்ணியதாகாதா?

திட்ட அறிக்கை தயாரித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மாதிரி ஷீட் இருந்தால் இன்னும் நல்லது. நான் பார்த்த அறிக்கைகளில் கூட்டுத்தொகை மட்டும்தான் இருக்கிறது.