ஞாயிறு பிரசங்கம் வாரநாள்ல யாரையாவது தொட்டதைப் பார்த்திருக்கீங்களா? பகிருங்க

ஏற்காடு எஸ்டேட்:
காப்பிப் பழம் பறிக்கிற சீசன்ல ஞாயிறும் வேலைதான், தெரியுமே. யூடியூப் லைவ் எங்க லைன் வீட்டுல எடுக்காது. வாலிபர் சங்கத்துப் பசங்க ஆயரோட செய்தியை, அதான் பிரசங்கத்தை, மெமரி கார்டுல ஏத்திக் கொடுத்தாங்க. டிசம்பர்ல ஒரு சாயங்காலம், எடை போடுற இடம். வரிசையில நின்ன ஒரு பாட்டி மடியிலிருந்த ஸ்பீக்கர் பொட்டியில ஆயர் குரல். லூக்கா 15, கெட்ட குமாரன். மகன் தூரத்துல வரும்போதே அப்பா கண்டுட்டார்னு ஆயர் சொல்ற இடம் வந்ததும், மூட்டையைத் தராசுல ஏத்த விடாம "செத்த இருங்க சாமி"ன்னு கையைத் தூக்கிட்டாங்க. மேஸ்திரியும் பேசாம நின்னார். திருப்பூர் போன அவங்க மகன்கிட்ட பேச்சுவார்த்தையே இல்ல. பட்டனை அமுக்கி அதே இடத்தைத் திரும்பக் கேட்டாங்க. ஆயர்கிட்ட சொன்னேன், அந்த வாரமே மேல வந்து ஜெபிச்சுட்டுப் போனார்.

அஸ்தம்பட்டி:
பாட்டிக்குச் சரி. டவுன்ல? எங்க தெரு அக்கா லைவ் பாக்குறேன்னு திருவிருந்துக்கே வர்றதில்ல. ஈஸ்டருக்குப் போனா டிவியில பிரசங்கம் ஓடுது, அவங்க குருமா தாளிக்கிறாங்க. சபை கூடிவர்றதை விட்டுடாதீங்கன்னு எபிரெயர் 10:25 எதுக்கு இருக்கு?

சூரமங்கலம்:
அக்கா, அவங்களை வச்சு எல்லாரையும் எடை போடாதீங்க. நான் ஸ்டீல் பிளான்ட்ல நைட் ஷிப்ட் முடிச்சு ஞாயிறு காலையில வீடு வர்றவன். புதன்கிழமை பஸ்ல கேட்ட செய்திதான் என்னைச் சபையோட கட்டி வச்சிருக்கு.

பிரசங்கத்தைப் பதிஞ்சு அனுப்ப ஆரம்பிக்கிற சபைகளுக்கு: போனைப் பீடத்துல வச்சுப் பதியாதீங்க, ஃபேன் சத்தம்தான் கேக்கும். மைக் சவுண்ட் மிக்சர்லருந்து வயர் எடுங்க. அறிவிப்பு, காணிக்கைப் பாட்டெல்லாம் வெட்டிடுங்க. ஆடியோ ஃபைலை மோனோ, 32 கேபிபிஎஸ் தரத்துல வச்சாப் போதும், அரை மணி நேரம் சுமார் 7 எம்பிதான் வரும். வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட்ல (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புறது) ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான். அதுலயும் சபை நம்பரை சேவ் பண்ணாதவங்களுக்குப் போகாது. ஆராதனை முடிஞ்சு வாசல்லயே சேவ் பண்ண வச்சுடுங்க. ஃபைலுக்கு வசனத்தைப் பேரா வைங்க. முழுச் செய்தியோட, நடுவுல ஒரு மூணு நிமிஷத் துண்டும் புதன்கிழமை அனுப்புங்க. அதைக் கேட்டவங்க முழுசையும் கேப்பாங்க.

ஏற்காடு எஸ்டேட்:
தம்பி, பாட்டிகிட்ட வாட்ஸ்ஆப்பே இல்ல. கார்டுல எத்தனை செய்தி பிடிக்கும்?

சூரமங்கலம்:
8 ஜிபினா அந்த அளவுல ஆயிரம் பிடிக்கும்ணா. பேருக்கு முன்னாடி 001, 002னு போடுங்க, இல்லன்னா பொட்டி தாறுமாறா ஓட்டும். லூக்கா 15-ஐ முதல்ல வைங்க.