விலை கேட்பவர் யார்? பிட், ஆஸ்க், ஸ்ப்ரெட்: கலைச்சொல் விவாதம்

வணக்கம்.
ஆப்ஷன், அதாவது பங்கையோ நாணயத்தையோ குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அந்த வணிகத்தில் செலவைக் குறைப்பது பற்றிய கையேட்டுக்கு மூன்று சொற்கள் வேண்டும்: வாங்குபவர் தர முன்வரும் விலை பிட், விற்பவர் எதிர்பார்க்கும் விலை ஆஸ்க், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஸ்ப்ரெட். பிட் = ஏல விலை, ஆஸ்க் = கேட்பு விலை, ஸ்ப்ரெட் = பரவல் என்று வரைவில் வைத்திருக்கிறேன். வாங்கும் விலை, விற்கும் விலை என்றே எழுதிவிடலாமா என்றும் ஒரு எண்ணம். திருத்தம் சொல்லுங்கள்.

மறுமொழி 1

> ஆஸ்க் = கேட்பு விலை

இது தலைகீழ். தமிழில் விலை கேட்பவர் வாங்குகிறவர், விலை சொல்பவர் விற்கிறவர். "அவர் நூறு சொன்னார், நான் எண்பதுக்குக் கேட்டேன், படியவில்லை" என்பதுதானே சந்தைப் பேச்சு? ஏலம் கேட்பவரும் வாங்க வந்தவர்தான். எனவே பிட்தான் கேட்பு விலை. ஆஸ்க் சொல் விலை. எல்டிபி என்பதைக் கடைசியாகப் படிந்த விலை எனலாம்.

பரவல் வேண்டாம். அது புள்ளியியலுக்குப் போய்விட்டது. புல் கால் ஸ்ப்ரெட் என்று இரண்டு ஆப்ஷன்களைச் சேர்த்து எடுக்கும் உத்தியும் இருப்பதால் அதோடும் குழம்பும். இடைவெளி போதும்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டக் காரணம், பங்கு ஆப்ஷனில் பெரிய செலவே இந்த இடைவெளிதான். ஒரு லாட் (ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் அளவு) 500 பங்கு, கேட்பு 42, சொல் 44 என்று கொள்வோம். கிடைக்கும் விலைக்கே உடனே முடிக்கும் மார்க்கெட் ஆர்டரில் 44க்கு வாங்கி, உடனே 42க்கு விற்றால் ₹1,000 போய்விடும். 2024 அக்டோபர் விகிதங்களின்படி மற்ற செலவு: தரகு இரண்டு ஆர்டருக்கு ₹40, விற்ற பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலையில்) 0.1% எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி ₹21, என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) கட்டணம் சுமார் ₹15, ஜிஎஸ்டி ₹10, முத்திரைத் தீர்வை ஒரு ரூபாய்க்கும் கீழே. எல்லாம் சேர்த்து ₹87 அளவில்தான் வரும். தரகு குறைந்த இடம் தேடி அலைபவர்கள் அந்த ஆயிரத்தைப் பார்ப்பதில்லை.

கையேட்டில் முறையையும் எழுதுங்கள். வாங்கும்போது, விலையை நாமே குறிக்கும் லிமிட் ஆர்டரை நடுவிலையான 43இல் வைத்து, படியாவிட்டால் ஐந்தைந்து பைசாவாக ஏற்ற வேண்டும். சந்தை திறக்கும் 9:15ஐ ஒட்டிய நிமிடங்களில் இடைவெளி அகலம், அப்போது ஆர்டர் போட வேண்டாம். கடைசியாகப் படிந்த விலையை நம்பவும் கூடாது. நடப்பு விலைக்கு எட்டத்தில் உள்ள ஸ்ட்ரைக்கில் (ஒப்பந்தத்தில் குறித்த விலையில்) அது ஒரு மணி நேரம் பழையதாக இருக்கலாம். இரண்டு ஆப்ஷன் எடுக்கும்போது ஆள் குறைவான ஸ்ட்ரைக்கை முதலில் முடிக்க வேண்டும். எளிதானதை முதலில் வாங்கிவிட்டு மற்றதற்குக் காத்திருந்தால், சந்தை நகர்ந்து கணக்கே மாறிவிடும்.

மறுமொழி 2

> வாங்கும் விலை, விற்கும் விலை

இலங்கை வங்கிகளின் நாணயமாற்றுப் பட்டியலில் கொள்வனவு, விற்பனை என்று இருக்கும். அது வங்கியின் பக்கத்திலிருந்து எழுதியது. வங்கி கொள்வனவு செய்யும் விலையில்தான் நாங்கள் டொலரை விற்கிறோம். புதிதாக வருபவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். கேட்பு, சொல் என்றால் யாருடைய பக்கம் என்ற கேள்வியே எழாது. என் ஆதரவு இதற்கே.

மறுமொழி 3

நாணய ஆப்ஷனுக்கு வேறு எடுத்துக்காட்டு தேவை, ஐயா. டாலர்-ரூபாய் லாட் 1,000 டாலர். விலை நகரும் குறைந்த அளவு 0.0025 ரூபாய், அதாவது லாட்டுக்கு ₹2.50. எஸ்டிடி கிடையாது. இடைவெளி ஒரு பைசா என்றால் ₹10தான். ஆர்டருக்கு ₹20 என்ற தரகோ, ஜிஎஸ்டி சேர்த்து, வாங்கி விற்க ₹47.20. ஒற்றை லாட்டாகப் பிரித்துப் போடுவது இங்கேதான் வீண். பத்து லாட்டை ஒரே ஆர்டரில் போட்டாலும் தரகு அதேதான்.

ஆனால் 2024 மே 3 முதல் நாணய இடர் உள்ளவர்கள் (மாற்று விகிதம் மாறினால் பாதிக்கப்படக்கூடியவர்கள்) மட்டுமே இதில் இறங்கலாம் என்ற ரிசர்வ் வங்கி விதி நடைமுறைக்கு வந்தபின் வணிகம் வெகுவாகச் சுருங்கியது. எட்டத்து ஸ்ட்ரைக்கில் இடைவெளி பத்துப் பைசா என்றால் லாட்டுக்கு ₹100 ஆகிவிடும். கையேட்டில் இந்த விதியை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். இடர் இல்லாதவருக்கு இந்தச் சந்தையே இல்லை.

எழுத்துமுறை பற்றி ஒன்று. சொல் விலை என்று பிரித்தால் 'விலையைச் சொல்' என்ற ஏவலாகப் படிக்கத் தோன்றுகிறது. கேட்புவிலை, சொல்விலை என்று சேர்த்தே அச்சிடுவோம்.