குளிர்ந்த தாய்ப்பாலோடு புதுப் பாலைச் சேர்க்கலாமா? 140 மில்லியைக் கொட்டிவிட்டு நிற்கிறேன்

எழுவான்கரை அம்மா:

மகனுக்கு மூன்றரை மாதம். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. வீடு களுவாஞ்சிகுடியில், வேலை மட்டக்களப்பு டவுனில். காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் வீடு வந்து சேர ஆறு மணியாகும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் என்று முடிவெடுத்திருக்கிறேன். பகலில் மாமிதான் பிள்ளையைப் பார்ப்பா.

ஒத்திகை பார்ப்போம் என்று இந்தக் கிழமை கைப் பம்பால் எடுக்கத் தொடங்கினேன். ஒரு தடவைக்கு ஒரு பக்கத்தில் 40, 50 மில்லிக்கு மேல் வருவதில்லை, அவனுக்கு ஒரு வேளைக்கே அது காணாது. அதனால் இரண்டு மூன்று தடவை எடுத்ததைச் சேர்த்து வைக்கப் பார்த்தேன். முந்தாநாள் இரவு பத்து மணிக்கு இரண்டு பக்கமும் எடுத்ததில் 90 மில்லி வந்தது, பிரிட்ஜில் வைத்தேன். விடிய ஐந்தரைக்கு எடுத்த 50 மில்லியை உடம்புச் சூட்டோடேயே அதற்குள் ஊற்றினேன். போத்தலின் மேல்பக்கம் மஞ்சளாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது. புதுப் பால் பட்டதும் அது உடைந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "திரைஞ்சி போச்சி கா, கொட்டு" என்றா. கொட்டிவிட்டேன். சோறு வடித்த கஞ்சியைக் கொட்டுகிற அதே சின்க்கில் அது ஓடியதைப் பார்க்க அழுகை வந்துவிட்டது.

உண்மையிலேயே அது பழுதாகிவிட்டதா? சூட்டுப் பாலைக் குளிர்ப் பாலோடு சேர்க்கலாமா, கூடாதா? ஆபீசில் பிரிட்ஜ் இருந்தாலும் எல்லாருடைய சாப்பாட்டுப் பெட்டியும் அதற்குள்தான். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போக வேண்டும், அதுவும் சூடான கச்சான் காத்து அடிக்கிற காலம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டையரின் உம்மா:

தங்கச்சி, அது திரையவில்லை. தாய்ப்பாலைக் குளிரில் வைத்தால் கொழுப்பு மேலே வந்து ஒட்டும், கீழே நீலம் பாரித்த தண்ணி மாதிரி நிற்கும். போத்தலைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். நானும் முதல் தடவை பயந்தேன். பழுதான பால் என்றால் மணமே காட்டிக் கொடுத்துவிடும், புளித்த நாற்றம் வரும்.

வெளியில் வைப்பதற்கு இவ்வளவு பயப்படவும் வேண்டாம். என் மூத்த பிள்ளைக்கு விடிய எடுத்த பால் ளுஹர் (பகல் தொழுகை) வரைக்கும் மேசையில்தான் இருக்கும், ஒன்றும் ஆகவில்லை.

மிட்வைஃப், அம்பாறை மாவட்டம்:

கொழுப்பு வளையம் பற்றி உம்மா சொன்னது சரி. மேசையில் ளுஹர் வரைக்கும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதிதாக எடுத்த பால் வெளியில் 4 மணித்தியாலம் தாங்கும் என்பது 25 பாகை வரையுள்ள அறைக்குச் சொன்ன கணக்கு. கச்சான் அடிக்கிற நாளில் நம்முடைய குசினி எத்தனை பாகையில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் 4 மணித்தியாலம் என்பதை இலக்காக வைக்கக் கூடாது. எடுத்தவுடன் குளிரில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன் மகள். சேர்க்கலாம், ஆனால் சூட்டோடு சேர்க்கக் கூடாது. குளிர்ந்த 90 மில்லிக்குள் சூடான 50ஐ ஊற்றினால் மொத்தப் பாலும் வெதுவெதுப்பாகிவிடும். அவ்வளவு நேரம் குளிரில் அடங்கிக் கிடந்த கிருமிக்கு அது மறுபடி பெருக வசதி. உறைந்த பாலின் மேல் ஊற்றுவது இதை விட மோசம், மேற்படை இளகி மறுபடி உறையும். புதுப் பாலை வேறு போத்தலில் பிரிட்ஜில் வைத்து, இரண்டும் ஒரே குளிருக்கு வந்த பிறகு ஒன்றாக்குங்கள், ஒரு மணித்தியாலம் போலப் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எடுத்ததை அப்போதே சேர்க்கலாம், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

சேர்த்த போத்தலுக்கு எப்போதும் பழைய பாலின் நேரத்தைத்தான் எழுத வேண்டும். செவ்வாய் இரவு எடுத்ததோடு புதன் காலைப் பால் சேர்ந்தால் அது செவ்வாய் இரவுப் பால்தான். பிரிட்ஜில் 4 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 நாள் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் கரண்ட் போய்வருகிற, ஆள் மாறி ஆள் கதவு திறக்கிற பிரிட்ஜுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், உள்ளே பின்பக்கம்தான் நல்ல குளிர்.

கொட்டிய பாலைப் பற்றிக் கேட்டீர்கள். நானாக இருந்தால் கொட்டியிருக்க மாட்டேன். உடனே திரும்ப உள்ளே வைத்து அன்றைக்கே கொடுத்து முடித்திருப்பேன். மாமியைக் குறை சொல்லவும் முடியாது, நாம் யாரும் அவவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே.

ஒன்று மட்டும்: குறைமாதப் பிள்ளை, வார்ட்டில் இருக்கிற பிள்ளை என்றால் இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. அங்கே சொல்வதை மட்டும் கேளுங்கள்.

ஐஸ் பெட்டிக்காரன்:

அக்கா, நான் ஒரு அப்பா, கல்முனைப் பக்கம். மனைவி டீச்சர், எட்டு மாதம் இந்தச் சுமையைத் தூக்கியவன் நான்தான், அதனால் எழுதுகிறேன். புது ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி சின்னது ஒன்று வாங்குங்கள். மீன் வைத்த பெட்டி வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் மூடி திறந்ததும் சூடை மீன் மணக்கும். உதிரி ஐஸ் போட வேண்டாம், உருகி போத்தல் தண்ணியில் மிதக்கும், நேரம் எழுதி ஒட்டிய டேப்பும் கழன்றுவிடும். சின்னத் தண்ணிப் போத்தல்களை நன்றாக உறைய வைத்து பால் போத்தலைச் சுற்றி இறுக்கி அடுக்குங்கள். இடைவெளி விட்டால் குளிர் தாங்காது, இது கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். இப்படி நிறைய ஐஸோடு மூடி வைத்தால் ஒரு நாள் தாங்கும் என்கிறார்கள். எங்களுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்படவில்லை. ஆபீஸ் பிரிட்ஜை நம்பியே இருக்க வேண்டாம்.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள், 4 மணித்தியாலம் குளிர் நிற்கும். பிரீசர் நிறைந்திருந்தால் இரண்டு நாள், பாதிதான் என்றால் ஒரு நாள். எங்கள் பிரீசரில் வெறுமையாக இருந்த இடத்துக்கெல்லாம் தண்ணிப் போத்தலைத் திணித்தேன். பாலுக்குள் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப உறைய விடலாம், முழுக்க இளகியதை உறைய வைக்கக் கூடாது.

எழுவான்கரை அம்மா:

மிஸ், தம்பி, உம்மா, மூன்று பேருக்கும் நன்றி. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "எட்டு மாதமா ஒரு ஆம்பிளை பால் பெட்டி தூக்கினானா" என்பதைத்தான் இரண்டு தடவை கேட்டா. பிறகு, பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு போ, பஸ்ஸில் நாவூறு படும் என்றா. சரி, துணி சுற்றினால் வெயிலுக்கும் நல்லதுதானே, ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. குளிர்ப் பாலைக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மாமி அடுப்பில் வைக்கப் பார்க்கிறா. அடுத்தது, சோதனைக்கு உறைய வைத்த பால் நாலு நாளில் சவர்க்கார மணம் மணக்கிறது. பம்பை நான் சரியாகக் கழுவவில்லையா?

இரட்டையரின் உம்மா:

கழுவினதில் பிழை இல்லை, எனக்கும் இதே கதைதான். பாலிலேயே லிப்பேஸ் என்று ஒரு நொதியம் இருக்கிறது, அது கொழுப்பை உடைப்பதால் வருகிற மணம். பால் நல்ல பால்தான். என் இரட்டையரில் ஒருத்தி ஒன்றும் தெரியாத மாதிரிக் குடித்தாள், மற்றவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்காக, எடுத்த பாலை உறைய வைக்க முன்னமே சின்னச் சட்டியில் விளிம்பில் குமிழி வரும் வரைக்கும் சூடாக்குவேன். கொதிக்க விடமாட்டேன், உடனே ஐஸ் தண்ணியில் வைத்து ஆற்றுவேன். மணம் வந்த பிறகு சூடாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. சூட்டில் கொஞ்சச் சத்து போகும், ஆகவே உங்கள் மகன் முகம் சுளிக்காமல் குடித்தால் இந்த வேலைக்கே போகாதீர்கள்.

மிட்வைஃப், அம்பாறை மாவட்டம்:

குளிர்ப் பாலால் சளி வராது, சளிக்குக் காரணம் வைரஸ். ஆனால் சூடாகக் குடித்துப் பழகிய பிள்ளை குளிராகக் கேட்காது. அடுப்பிலும் வேண்டாம், மைக்ரோவேவிலும் வேண்டாம், ஒரு பக்கம் கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். ஒரு கோப்பைச் சுடுதண்ணிக்குள் போத்தலை நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உறைந்ததை முதல் நாள் இரவே பிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். இளகிய பிறகு 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்தது 2 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது, அதை வேறு பாலோடு சேர்க்கவும் கூடாது. அதனால்தான் 60 மில்லி அளவில் பிரித்து வைக்கச் சொல்வது. போத்தலை வாய்வரை நிரப்பாதீர்கள், உறையும்போது பொங்கும். முடிந்தால் சின்னக் கோப்பையாலும் கரண்டியாலும் மாமி கொடுத்துப் பழகட்டும்.

எழுவான்கரை அம்மா:

வேலைக்குப் போய் ஒரு கிழமை. முதல் நாள் 110 மில்லியோடு வந்தேன், பெட்டி திறக்கும்போது ஐஸ் போத்தல் பாதி இன்னும் கல்லாகத்தான் இருந்தது. இரவுப் பாலும் காலைப் பாலும் இப்போது வேறு வேறு போத்தலில் குளிர்ந்த பிறகுதான் ஒன்றாகின்றன. மகன் கரண்டியைக் கடிக்கிறான், ஆனால் குடிக்கிறான். சவர்க்கார மணத்தை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பிரீசரிலிருந்து இறக்குகிற வேலையை மாமி எடுத்துக்கொண்டா. நேற்று அவ ஒட்டிய டேப்பில் "வெள்ளி, கோயில் மணி அடிச்ச பிறகு" என்று இருந்தது. காலை மணியா பகல் மணியா என்று கேட்டால், "இரண்டுக்கும் நடுவுல" என்கிறா. நான் காலை மணி என்றே எடுத்துக்கொண்டேன்.