பொருள்: ‘கோடட் மாஸ்க்’ – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக, இந்தியாவின் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட் பற்றிய சிறுநூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 650 கி.மீ. உயரச் சுற்றுப்பாதையை அடைந்தது வரை தடங்கலில்லை. கருவிகளுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் தங்கம் பூசிய ஆடிகள் கதிரைக் குவிக்கின்றன. ஆற்றல் மிகுந்த கதிர்கள் அந்த ஆடிகளுக்கு அடங்காது. அதனால் காட்மியம் துத்தநாகத் தெல்லூரைடு கருவியில் ஆடியே இல்லை. உணரிகளுக்கு மேலே டாண்டலம் என்ற உலோகத்தில் ஒரு தகடு. அதில் இங்கே திறப்பு, அங்கே அடைப்பு என்று கணக்காக வெட்டிய துளைகள். விண்மீன் இருக்கும் திசைக்கேற்ப அந்தத் துளைகளின் நிழல் உணரிகள்மேல் நகர்ந்து விழும். நிழலை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கோடட் மாஸ்க்’ என்கிற இந்தத் தகட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘குறிமுறை முகமூடி’ என்று எழுதி அடித்துவிட்டேன்.

சேலத்திலிருந்து:
சல்லடைத் தட்டு. எல்லார் வீட்டிலும் இருக்கிற சொல்.

மதுரையிலிருந்து:
நான் இயற்பியல் ஆசிரியை. சல்லடை பெரியதை நிறுத்திச் சிறியதை விடும். இது அப்படி அளவு பார்ப்பதில்லை. ‘திரை’யும் வேண்டாம், படம் அதன்மேல் விழுகிறது என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். போன வாரம் கல்யாணப் பத்திரிகை அட்டையில் கட்டம் போட்டு, சிலவற்றைக் கத்தரித்து எடுத்தோம். அறையை இருட்டாக்கி இரண்டு செல்போன் விளக்கைப் பிடித்தால் வரைபடத்தாளில் இரண்டு நிழல். ஒரு விளக்கை நகர்த்தினால் அதன் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. “ஜன்னல் நிழல் மாதிரி இருக்கு மிஸ்” என்றாள் ஒருத்தி.

கும்பகோணத்திலிருந்து:
அந்தப் பெண் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள். ஆனால் ஜன்னல் போர்த்துக்கீசியம். பலகணி என்று எவ்வளவு அழகான சொல் இருந்தது! பல கண். இன்று அதைப் பால்கனிக்குக் கொடுத்துவிட்டோம். இன்னும் பின்னே போங்கள். சிலம்பில் ‘மான்கண் காலதர்’ வருகிறது. கால் காற்று, அதர் வழி. மானின் கண்போல் துளையிட்டுக் காற்றுக்கு வழிவிட்டவன் தமிழன். ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்று குறளிலும் அதர் உண்டு. காற்றுக்குக் காலதர் என்றால் கதிருக்குக் ‘கதிரதர்’. இதைவிட என்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, சொல் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கட பிள்ளையள் அதைக் ‘கதிரை’ என்றுதான் வாசிப்பினம். கதிரை எங்களுக்கு இருக்கிற நாற்காலி, அதுவும் போர்த்துக்கீசியம் தந்ததுதான். அதோடு கதிரதரில் வழி மட்டுந்தானே இருக்கு? அடைப்பும் சேர்ந்தால்தான் நிழலில் அடையாளம் வரும்.

மதுரையிலிருந்து:
அடைப்பும் திறப்பும் சேர்ந்த அமைப்பைத்தான் சொல்லவேண்டும். ‘துளைக்கோலத் தகடு’ எப்படி?

கும்பகோணத்திலிருந்து:
கோலம் என்றாலே சீர், அம்மா. இந்தத் துளைகள் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு திசையின் நிழலும் இன்னொரு திசையின் நிழலும் ஒன்றுபோலவே விழும். எது எங்கிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பொருளுக்கே முரணான சொல்.

மதுரையிலிருந்து:
வாசல் கோலத்துக்கு அது பொருந்தும் ஐயா. மணக்கோலம், தவக்கோலம் என்கிறோமே, அங்கே சீர் எங்கே? தோற்றம், அமைப்பு என்ற பொருள்தானே?

சேலத்திலிருந்து:
எனக்குச் சம்மதம். சல்லடையை விட்டுவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எனக்கும்.

தமிழாக்குபவர்:
நன்றி. வியாழன் இரவாகிவிட்டது. நூலில் ‘துளைக்கோலத் தகடு’ என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மதுரை அம்மாவின் அட்டைச் சோதனையையும் அவர் அனுமதியோடு சேர்த்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
பெரும்பான்மை முடிவைத் தடுக்க மாட்டேன். என் உடன்பாடு இல்லை என்பது பதிவாகட்டும். கடைசிப் பக்கச் சொல்லடைவில் ‘கதிரதர்’ என்று ஒரு வரி மட்டும் போடுங்கள். ‘மான்கண் காலதர்’ படிக்கிற ஒரு பிள்ளைக்காவது என்றைக்காவது அது பயன்படும்.