இங்கிலிஷ் லிட்ரேச்சர் வகுப்பில் இன்னும் உறுத்துகிற ஒரு நாள்: இலங்கை மலையகத்தில் படித்தவர்கள் சொல்லுங்க

கொக்கு மாப்பிள்ளை

பதினோராம் தரத்து ஓ.எல். பரீட்சைக்கு இங்கிலிஷ் லிட் எடுத்தவங்களுக்கு அந்த ஜப்பான் நாடகத்தை விளக்கத் தேவையில்லை. ட்வைலைட் ஒஃப் அ கிரேன். கொக்கு பெண்ணாகி வருவாள், தன் இறகைப் பிடுங்கித் துணி நெய்வாள், புருஷன் இன்னொன்று இன்னொன்று என்பான். அதேதான்.

எங்கள் பள்ளியில் பதினோரு பேர்தான் லிட். மற்றவர்கள் சங்கீதம், சித்திரம் என்று பிரிந்து போய்விட்டார்கள். சேர் பாத்திரங்களைப் பங்கு போட்டதில் எனக்கு அந்தப் புருஷன் யோஹ்யோ விழுந்தது. அன்றைக்கு வைத்த பட்டப்பெயர்தான் மேலே இருப்பது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹட்டன் டியூஷன் காசு இரண்டு மாதம் பாக்கி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். காய்ச்சலோடு கைக்காசுக்கு, அதாவது கிலோ கணக்குக் கூலிக்கு, கொழுந்து பறிக்கப் போனார். மழை. சாயங்காலம் இடுப்பில் கட்டின படங்கைக் கழற்றி வாசல் இஸ்தோப்பில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். கொழுந்துக் கறை ஏறி நுனியெல்லாம் கறுத்து, வெடிப்புக்குள் மட்டும் சிவப்பாக இருந்தது. காசை எண்ணி என் கொப்பிக்குள் வைத்தார். "இதுக்கு மேல இந்த மாசம் கேக்காதடா தம்பி."

திங்கட்கிழமை இரண்டாவது பாடம். யோஹ்யோ இன்னும் ஒரு துணி நெய்து கொடு என்று கேட்கும் இடம் வந்தது. எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தை முதல் நாளே நாலு தரம் வாசித்திருந்தேன், ஒரு சொல்லும் தெரியாததில்லை. சேர் எனக்கு உச்சரிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். சொல்லைத் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். இன்னும் வராததால் "சரி, நீங்க இருங்க" என்று பக்கத்துப் பையனிடம் கொடுத்தார். அவன் கடகடவென்று வாசித்து முடித்தான்.

அவ்வளவுதான் கதை. பரீட்சையில் பேராசை அன்பை அழிக்கிறது என்று நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதி நல்ல மார்க்ஸும் வாங்கினேன். ஆனால் "சேர், எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பது இன்னும் அரிக்கிறது.

குவைத்காரி மகள்

எனக்கு அந்தச் சிலி நாட்டுக் கவிதை. அம்மா ஒருத்தி, என் மகளைத் தகைவிலான் குருவி ஆக்கிடாதீங்க, இளவரசி ஆக்கிடாதீங்க, ராணி ஆக்கிடாதீங்கன்னு பயந்து பயந்து சொல்வாள். பறந்து போயிட்டா நான் எப்படித் தலை சீவுறது என்கிற மாதிரி ஒரு இடம் வரும் பாருங்க. அந்த இடம்தான்.

எனக்கு அப்போ அஞ்சு வருஷமா தலை சீவினது அம்மாச்சி. அம்மா குவைத். வெள்ளிக்கிழமை கோல் வரும். பீலிக்கரை மேட்டுல ஏறி நின்னாத்தான் சிக்னல், அதனால தண்ணி எடுக்க வந்த அத்தனை பேருக்கும் எங்க வீட்டுக் கதை தெரியும்.

கவிதையைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொன்னாங்க மிஸ். நான் எழுதினேன்: இந்தக் கவிதையில் மகள் பறந்துவிடுவாள் என்று அம்மா பயப்படுகிறாள், எங்கள் லயத்து வரிசை வீட்டில் பறந்தது அம்மா, அதனால் பயப்பட வேண்டியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத எனக்கு முக்கால் மணித்தியாலம் போச்சு. இங்கிலிஷில் நான் சொந்தமா எழுதின முதல் பந்தி அது. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் "கேள்விக்கு வெளியே". அஞ்சுக்கு ஒன்றரை.

மிஸ் மேல கோபம் இல்லை. அந்த அரை மார்க் எதுக்குன்னுதான் இன்னைக்கும் யோசிக்கிறேன்.

செங்கால்

முதல் பதிவுக்காரருக்கு ஒரு சின்னத் திருத்தம். அது கொக்கு இல்லை. நம்ம ஊர்க் கொக்கு வயலில் நிற்கும் வெள்ளைப் பறவை. ஜப்பான்காரன் சொல்வது ஆளுயரத்துக்குக் கிட்ட நிற்கிற, தலையில் சிவப்பு உள்ள வேறு சாதி. தமிழில் சொல்வதென்றால் நாரை என்று சொல்லியிருக்கலாம். கொக்கு என்றால் வகுப்பு சிரிக்கத்தானே செய்யும்?

நாரை என்று சொல்லியிருந்தால் சத்திமுத்தப் புலவர் பாட்டு ஞாபகம் வந்திருக்கும். பனங்கிழங்கைப் பிளந்த மாதிரி அலகு, சிவந்த கால், அந்த நாரையைக் கூப்பிட்டுத்தான் புலவர் பெண்சாதிக்குச் சேதி சொல்லி விடுகிறார். என்ன சேதி? மதுரையில் வாடைக் காற்றில் மேலுக்குத் துணியில்லாமல் நடுங்கிக்கொண்டு கிடக்கிறேன் என்று. ஜப்பானில் நாரையே பெண்சாதியாகி துணி நெய்கிறாள், இங்கே துணியில்லாத புருஷன் நாரையைத் தூது விடுகிறான். இதை ஒரு வாத்தியார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் எப்படியிருக்கும்! எந்த இங்கிலிஷ் வாத்தியார் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கிறார்?

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. நான் எடுத்தது தமிழ் இலக்கிய நயம்.

பென்ஷன் டீச்சர்

பொகவந்தலாவைப் பக்கம் கடைசிப் பத்து வருஷம் படிப்பித்தேன். செகோவ் எழுதிய கரடி நாடகம். விதவை வீட்டுக்குக் கடன் கேட்டு ஒருத்தன் வருவான். செத்துப்போன புருஷன் குதிரைக்கு வாங்கின ஓட்ஸுக்கு 1200 ரூபிள் பாக்கி. நாளன்றைக்குத் தருகிறேன் என்கிறாள், இன்றைக்கே வேணும் என்று வாசலில் குந்திவிடுவான். 1888-இல் எழுதியது, சிரிப்பு நாடகம். நான் சிரிக்க வைக்கிற மாதிரிதான் வாசித்தேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

பின் வாங்கில் ஒரு மகள் கை உயர்த்தினாள். "டீச்சர், இவங்க ஏன் முன்னுக்கு வந்து பேசுறாங்க? கோடிப்பக்கமா போயி ஒளிஞ்சிக்கலாந்தானே?"

குழுக்கடன் வசூலிக்கிற லோன் சேர் மோட்டார் சைக்கிளில் வருகிற சத்தம் கேட்டால் லயத்தில் என்ன நடக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று நாலு பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். நான் பாடத்தை நிறுத்திவிட்டு மோர்னிங் என்ற ஒலியில் வரும் இரண்டு சொல்லுக்கும் எழுத்து வித்தியாசம் கரும்பலகையில் எழுதினேன். ஒன்று காலை, மற்றது துக்கம். அந்த விதவை ஏழு மாசமாகத் துக்கத்தில் இருக்கிறாள், நீங்கள் ஏழு மாசமாகக் காலை என்று எழுதி வைக்காதீர்கள் என்றேன். அதற்குத்தான் சிரித்தார்கள்.

இங்கே படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டியிலிருந்து வருகிற டியூஷன் நோட்ஸை மனனம் பண்ணாதீர்கள். திருத்துகிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஒரே பந்தி முப்பது பேப்பரில் வரும். வரியைக் கொடுத்து யார் சொன்னது, எந்த நேரம் சொன்னது என்று கேட்பார்கள், அதற்கு மூலப் புத்தகத்தை மூன்று தரமாவது வாய்விட்டு வாசித்திருக்க வேணும். நாடகத்தை ஒருபோதும் தனியாக வாசிக்காதீர்கள், அண்ணன் தங்கச்சி யாரையாவது உட்கார வைத்து மாற்றி மாற்றி வாசியுங்கள். லிப்கோ அகராதி பழசாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் ஒன்று இருக்கட்டும், போனில் தேடப் போனால் வேறு எங்கோ போய்விடுவீர்கள். கவிதைக்குத் தமிழில் அர்த்தம் எழுதி வையுங்கள், ஆனால் வரிக்கு மேலே எழுதாதீர்கள், எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் கண் தமிழை மட்டும்தான் பார்க்கும். கவிஞர் எந்த நாடு என்பதற்குத் தனி மார்க் இல்லை, அதைப் பாடமாக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுத்து தெளிவாக இருக்கட்டும். பந்திக்குப் பந்தி ஒரு வரி இடைவெளி. கேள்வி இலக்கம் மறக்காதீர்கள், வருஷா வருஷம் இதில் மார்க்ஸ் போகிறது.

வட்டகொடைக்காரன்

டீச்சர், யாரும் பரீட்சைக்கு வழி கேட்கலியே.

எனக்கு வேற ஆத்திரம். ரஷ்யாப் பண்ணையார் கடன், ஜப்பான் பறவை, சிலிக் கவிதை, எல்லாம் நல்லதுதான். சி.வி. வேலுப்பிள்ளை 1914-இல் பிறந்தது எங்க பக்கத்து மடக்கும்புர தோட்டத்துல. தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கவிதையை இங்கிலிஷிலேயே எழுதினவர். 1947-இல் தலவாக்கலையில நின்னு பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவரை அனுப்பின சனத்துக்கே ஓட்டு இல்லாமப் போச்சு. எங்க வகுப்புல அந்தப் பெயரை ஒருத்தரும் சொல்லல. பதினாறு வயசு வரைக்கும் இங்கிலிஷில எழுதுறவன்னா வெள்ளைக்காரன், இல்லாட்டி கொழும்பு ஆள்னு நினைச்சிருந்தேன்.

அவர் பெயரை நான் முதல்ல பார்த்தது சித்தப்பா வீட்டுல. சக்தி பாலையா தமிழாக்கம் பண்ணின புத்தகம், அட்டை போய், கரப்பான் அரிச்சது. பின்னால போட்டிருந்த குறிப்புல மடக்கும்புரன்னு இருந்துச்சு. அச்சுப்பிழைன்னு நினைச்சு சித்தப்பாகிட்ட காட்டினேன். அவர் ஜன்னலைத் திறந்து மலைக்கு அந்தப் பக்கம் கையக் காட்டினார். அவ்வளவுதான், ஒண்ணும் பேசல.

அதான் சொல்றேன், கொக்கு மாப்பிள்ளை அண்ணே, உங்க அம்மா விரலைப் பற்றி எழுதினவர் இருக்கும்போது எதுக்கு உங்களை இறகைப் பிடுங்குறவகிட்ட அனுப்பினாங்க?

குவைத்காரி மகள்

வட்டகொடை அண்ணா, சி.வி. பாடத்துல வேணும், சண்டையே இல்லை. ஆனா அதுக்காக சிலி வேணாமா? அந்தக் கவிதை எழுதின கேப்ரியலா மிஸ்ட்ரல் நாட்டுப்புறத்துல படிப்பிச்ச டீச்சர். 1945-இல் நோபல், லத்தீன் அமெரிக்காவுல இலக்கியத்துக்கு முதல்ல வாங்கினது அவங்கதான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பதினைஞ்சு வயசுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், எங்கேயோ ஒரு பொம்பளைக்கும் தலை சீவுறது பெரிய விஷயமா இருந்திருக்கு. தோட்டத்தைப் பற்றின கவிதைன்னா நான் அந்த நேரம் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். தோட்டத்தைப் புத்தகத்துல வேற பார்க்கணுமான்னு.

அப்புறம், இலங்கையே இல்லைன்னு சொல்லாதீங்க. 83 ஜூலையில தமிழர்களுக்கு எதிரா நடந்த கலவரத்தைப் பற்றி யாஸ்மின் குணரத்ன எழுதின கவிதை அதே பாடத்துல இருந்துச்சு. எங்க மிஸ் அதை மட்டும் "வீட்டுல வாசிச்சுக்கங்க" என்றாங்க.

வட்டகொடைக்காரன்

எங்களுக்கும் அதே. வீட்டுலதான் வாசிச்சோம். அப்பா எட்டிப் பார்த்து வருஷத்தை மட்டும் வாசிச்சிட்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

ஒன்று இருபது

சுருக்கமா சொல்றேன். 2019 மே, ஈஸ்டர் குண்டு வெடிச்சு பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கின நேரம். கேட்டுல அப்பா அம்மாமார் நின்னு எங்க பையை எல்லாம் திறந்து பார்ப்பாங்க. எங்க அம்மாவே என் பையில கைய விட்டுத் துழாவினாங்க, சோத்துப் பெட்டியைத் தவிர வேற என்ன இருக்கும்.

அன்னைக்கு லிட் கடைசிப் பாடம். வந்த கவிதை போலந்துக்காரி ஷிம்போர்ஸ்காவோடது. குண்டு வைச்சவன் எதிர்ப் பக்கம் நின்னு பார்த்துட்டு இருப்பான், மதியம் 1.20-க்கு வெடிக்கணும், யார் உள்ளே போறா, யார் வெளியே வர்றான்னு எண்ணுவான். ஒரு மொட்டைத் தலை ஆள் தப்பி வெளியே வந்துட்டு, கையுறைக்காக உள்ளே திரும்பிப் போவான்.

அந்த இடத்துல ஒருத்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தோம். 1.15 தாண்டியிருந்துச்சு. எங்களுக்கு மணி அடிக்கிறது 1.30-க்கு. சேர் புத்தகத்தை மூடிட்டார். யாரும் பேசல. 1.20-உம் போச்சு, 1.21-உம் போச்சு. வெளியே வொலிபோல் விளையாடுற சத்தம்.

பிறகு அந்தக் கவிதையைச் சேர் தொடவே இல்லை. கேள்வி வந்திருந்தா எழுதியிருப்பேன், வரல.

செங்கால்

நாரை விஷயத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது.

கொக்கு மாப்பிள்ளை

கண்டுகொண்டேன் ஐயா. நாரை என்றே வைத்துக்கொள்வோம். பட்டப்பெயர் மாறாது. புலவர் பாட்டு நல்ல சேர்த்தி, சொன்னதற்கு நன்றி.

வட்டகொடைத் தம்பிக்கு. என்னை அனுப்பினதில் வருத்தம் இல்லை. அந்த நாடகத்தில் ஒன்று பொருந்தவே பொருந்தாது. காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பெண்ணுக்கு மனுஷர் பேச்சு விளங்காமல் போய்விடும், புருஷன் வாய் அசைவதுதான் தெரியும். எங்கள் அம்மாவுக்கு நேர்மாறு. அடுத்த காம்பராவில் யாராவது மெதுவாகக் காசு என்றாலும் காதில் விழுந்துவிடும். அதனாலேயே அவரை நான் அந்தக் கதைக்குள் வைத்துப் பார்க்கவில்லை, அவராக வந்து உட்கார்ந்துகொண்டார்.

போன பொங்கலுக்குப் போனபோது அம்மாவுக்குக் கதையை முழுதாகச் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லவில்லை. அவரும் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் அவள் இரண்டு துணி நெய்து வைத்துவிட்டு, பறக்க முடியாமல் பறந்து போனாள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார் (தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்): "ராத்திரி ராத்திரியா நெய்ஞ்சிருக்காளே, அதுக்குத் தனியா கணக்குப் போட்டானா, இல்ல பகல் பேரோட சேத்துட்டானா?"

நோர்வூட் அக்கா

எல்லாரும் மன்னிக்கணும், கதை சொல்ல வரல. தங்கச்சி தரம் 10, லிட் எடுத்திருக்கா, ஸ்கூல் புத்தகம் இன்னும் கிடைக்கல. யார்கிட்டயாவது பழைய புத்தகம் இருக்கா?

கொக்கு மாப்பிள்ளை

என்னிடம் இருக்கிறது தங்கச்சி. நாடகப் பக்கத்தில் பென்சில் கோடு நிறைய. வெள்ளிக்கிழமை ஹட்டன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்க. அழிக்க ரப்பர் தேவைப்படும்.