அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் சிவில் உரிமை மியூசியங்களுக்குப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மெம்ஃபிஸ் போன அம்மா:
பத்து வயது மகனையும் ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு லொரெய்ன் மோட்டலுக்குப் போனோம். 1968 ஏப்ரல் 4 அன்று அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இடம், 1991-லிருந்து மியூசியம். 306-ஆம் அறை பால்கனியில் ஒரு மலர் வளையம், கீழே இரண்டு பழைய கார்கள். அந்தக் கார் ஓடுமா என்றுதான் பையன் முதலில் கேட்டான். சரி, வயசு அப்படி.

உள்ளே பலகைகளை அவன் படிக்கவே இல்லை. கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தப் பகுதியில்தான் நின்றான். அந்த வருஷம் பிப்ரவரியில் மழைக்கு ஒதுங்கி குப்பை லாரியின் பின்பக்கம் ஏறின இரண்டு பேர், குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென ஓடியதில் நசுங்கிச் செத்தார்கள். அப்புறம்தான் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போக மறுத்தார்கள், கிங் அந்த ஊருக்கு வந்ததே அவர்களுக்காகத்தான். ஊர்வலத்தில் பிடித்த அட்டையில் 'நான் ஒரு மனிதன்' என்று ஒரே வரி. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எதுக்கு எழுதிப் பிடிக்கணும்?" என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். அவர் சின்ன வயதில் ஊர் டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளை, குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும் என்றார். "நீங்க எதுல குடிச்சீங்க தாத்தா?" அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கடைக்குள்ள இருந்த கிளாஸ்ல" என்றார். நாற்பது வயதில் நானே இதை முதல்முறை கேட்கிறேன்.

மிச்சிகன் அப்பா:
எங்கள் வீட்டிலும் பலகை படிக்கிற ஆள் கிடையாது. டியர்பார்ன் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில், 1955-ல் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் ஏறின அதே பஸ், எண் 2857, இருக்கிறது, ஏறி உட்காரலாம். பல வருஷம் அலபாமாவில் ஒரு வயலில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த வண்டியை 2001-ல் ஏலத்தில் எடுத்துச் சீர்படுத்தியிருக்கிறார்கள். சின்னவள் ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள், பார்க்ஸ் அங்கேதான் உட்கார்ந்தார் என்ற நினைப்பு. அவர் இருந்தது நடுப்பகுதியில். வெள்ளையருக்கான வரிசைகள் நிரம்பியதும் அதையும் விட்டு எழச் சொன்னார் ஓட்டுநர். பலரும் நினைக்கிற மாதிரி கால் வலித்த பாட்டியும் இல்லை, 42 வயது, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான NAACP-யின் உள்ளூர்க் கிளைச் செயலாளர்.

பெரியவள் போனிலேயே இருந்தாள். பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முன்னால், அவர் கைதான அதே மாண்ட்கமரி நகரில் கிளாடெட் கால்வின் என்ற பெண் எழ மறுத்துக் கைதானாள், வயது 15 என்றேன். போன் இறங்கியது. இவளுக்கும் 15. "அப்போ ஏன் யாரும் அவ பேரைச் சொல்றதில்லை?" வீடு வரும்வரை என்னோடு அதே சண்டை, பார்க்ஸ் கைதானபின் கறுப்பின மக்கள் நடத்திய 381 நாள் பஸ் புறக்கணிப்பைப் பற்றிச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

அலபாமாவின் பர்மிங்காம் போனவள்:
ஐந்து வயதுக் குழந்தையோடு கெல்லி இங்க்ரம் பூங்காவுக்குப் போனது என் தப்பு. 1963 மே மாதம் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் மேல் போலீஸ் நாயை ஏவியதே, அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நடைபாதையின் இரு பக்கமும் பல்லைக் காட்டிப் பாய்கிற நாய்கள், நடுவில் நாம் நடக்க வேண்டும். ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்திலேயே பதினாறாம் தெரு தேவாலயம், அதே வருஷம் செப்டம்பரில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்த இடம். அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மூத்தவன் மட்டும் திரும்பிப் போய் அந்த நாய்களுக்கு நடுவே இன்னொரு முறை தனியாக நடந்துவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை.